பகுதியாக ஏற்கப்படாத படிப்பு: அஞ்சல்வழிக் கல்வியின் மதிப்பலகு மாற்றம் – நெய்வேலி நகரியத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அஞ்சல்வழியாகப் படித்த பாடங்களின் மதிப்பலகுகளைப் பிற பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டுமா என்னும் வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. நெய்வேலி போன்ற தொழில் நகரியங்களில் அஞ்சல்வழிக் கல்விக்குத் தேவை எவ்வாறு உருவானது என்பதும், அத்தேவையை அருகிலிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எவ்வாறு நிறைவு செய்தது என்பதும் முதலில் விளக்கப்படுகின்றன. இந்தியக் கல்விக் கொள்கை அஞ்சல்வழிப் பட்டத்தை முழுமையாக ஏற்றபோதிலும், அப்பட்டத்தின் பகுதிகளை ஏற்பதற்கு நெடுங்காலம் வழிவகை செய்யவில்லை. ஏற்பு தொடர்பான நெருக்கடிகள் எழுந்தபோது இழப்பு முழுவதும் மாணவர் மீதே விழுந்ததற்கு இக்குறையும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அஞ்சல்வழிக் கல்வி, தொலைநிலைக் கல்வி, மதிப்பலகு மாற்றம், இணைத்தன்மை, நெய்வேலி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

முன்னுரை

ஒரு மாணவர் ஒரு நிறுவனத்தில் படித்துத் தேர்ச்சி பெற்ற பாடங்களை மற்றொரு நிறுவனம் தன் பட்டத்திற்குரிய பாடங்களாகக் கணக்கில் கொள்வதே மதிப்பலகு மாற்றம் எனப்படுகிறது. கிரெடிட் எனக் கல்லூரிகளில் வழங்கப்படும் மதிப்பலகு, படிப்பின் அளவைக் குறிக்கும் அலகாகும். நேரடி வகுப்பில் படித்தவர் கல்லூரி மாறும்போதே இம்மாற்றம் எளிதன்று. அஞ்சல்வழியில் படித்தவர் இதனைக் கோரும்போது, படித்த பாடம் எது என்னும் வினாவுக்கு முன்பாக, படித்த முறை எது என்னும் வினா எழுப்பப்படுகிறது.

இவ்வினாவைக் கல்வித்தரம் பற்றியதாக மட்டுமே காண்பது வழக்கம். எனினும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. கற்றலுக்குச் சான்று வகுப்பறை வருகையா, தேர்வா என்பதில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் நிலைப்பாடு காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றங்களை அறிந்தால்தான் இன்றைய தயக்கத்தின் வேரை அறிய இயலும்.

தேர்வும் வருகையும்

1857ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தொடக்க காலத்தில் அது பாடம் கற்பிக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கியது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டில் ஒரு படி மேலே சென்று, இணைவுபெற்ற கல்லூரிகளில் பயிலாதவர்களுக்கும் தன் தேர்வுகளைத் திறந்துவிட்டது. வெளிவாரிப் பட்டம் என ஈழத்தில் வழங்கும் முறை இவ்வாறு தோன்றியதே. 1921ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும் வரை, தன் மாணவர்களை இலண்டனின் வெளிவாரித் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்தது.

இந்தியாவில் நிலைமை வேறாக அமைந்தது. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், இணைவுபெற்ற கல்லூரியில் பயின்றதற்கான சான்று இல்லாதவரைத் தேர்வெழுத அனுமதிப்பதைப் பல்கலைக்கழகப் பேரவையின் சிறப்பாணைக்கு உட்பட்ட விதிவிலக்காக உறுதிப்படுத்தியது. தேர்வு மட்டும் போதாது, வருகையும் வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு சட்டத்தில் வலியுறுத்தப்பட்டது.

இவ்விரு மரபுகளும் ஒரே இடத்தில் சந்தித்ததை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் காணலாம். 1929ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் அமைந்த அப்பல்கலைக்கழகம், கல்லூரிகளை இணைத்துக்கொள்ளாத ஒருமைத்தன்மை கொண்ட உறைவிடப் பல்கலைக்கழகமாக இருந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து கற்பதே அதன் அடிப்படை. அங்கு 1931ஆம் ஆண்டில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற விபுலானந்தரோ, இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளநிலைப் பட்டத்தை வெளிவாரித் தேர்வராகப் பெற்றவர். அவரது புலமையைப் பட்டம் பெற்ற முறையைக் கொண்டு அப்பல்கலைக்கழகம் அளக்கவில்லை என்பது கருதத்தக்கது.

சுரங்கத்தின் காலமும் கல்லூரியின் காலமும்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவம் எட்டப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. வட்டங்களாகப் பகுக்கப்பட்ட நகரியம் ஒன்று, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் சிற்றூர்களுக்கிடையே எழுந்தது.

இச்சுரங்கத்தின் இயல்பு ஒன்று கல்வி வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. நிலக்கரிப் படிவத்தின் அடியில் மிகுந்த அழுத்தத்துடன் கூடிய நீரடுக்கு உள்ளது. அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் உடைபடும். மின் நிலையக் கொதிகலன்களையும் மாலையில் நிறுத்திக் காலையில் இயக்குவது நடைமுறையன்று. ஆகவே நாளின் எந்நேரத்திலும் பணியாளர் ஒரு பகுதியினர் பணியில் இருந்தாக வேண்டும். பணிமுறை சுழற்சியாக மாறும். ஒரு வாரம் காலையில் பணி, மற்றொரு வாரம் இரவில் பணி என்னும் ஒழுங்கில் வாழ்பவருக்கு, பகல்நேரக் கல்லூரி மட்டுமன்றி மாலைநேரக் கல்லூரியும் பயன்படாது. குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இரண்டிற்கும் பொது. வருகைப் பதிவேட்டின் காலமும் சுரங்கத்தின் காலமும் இவ்வாறு முரண்பட்டன.

பொதுத்துறை நிறுவனங்களில் பணிநிலையும் பதவி உயர்வும் கல்வித் தகுதியோடு பிணைந்தவை. எனவே பணியில் சேர்ந்த பின் படிக்க வேண்டிய தேவை ஒருபுறம். வகுப்பிற்குச் செல்ல இயலாத பணிமுறை மறுபுறம். திருமணத்திற்குப் பின் படிப்பை இடையில் நிறுத்தி இத்தகைய நகரியங்களில் குடியேறிய பெண்களின் நிலையும் இதனை ஒத்ததே. இவர்களுக்குத் தேவைப்பட்டது, பாடம் வீடு தேடி வரும் ஓர் ஏற்பாடு.

பொறியியல் துறையில் இத்தகைய வழி ஒன்று முன்னரே இருந்தது. 1920ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வின் இரு பிரிவுகளிலும் தேர்ச்சி பெற்ற பட்டயப் பொறியாளர், பொறியியல் பட்டம் பெற்றவருக்கு இணையாகக் கருதப்பட்டார். கல்லூரி வருகை அதற்குத் தேவையில்லை. 2013ஆம் ஆண்டு மே 31 வரை பதிவு செய்தவர்களோடு அந்த ஏற்பு நிறுத்தப்பட்டது.

உறைவிடப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வகுப்புகள்

1962ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல் முயற்சி. 1964–66ஆம் ஆண்டுகளில் இயங்கிய கோத்தாரி கல்விக்குழு, 1986ஆம் ஆண்டிற்குள் உயர்கல்வி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அஞ்சல்வழிப் படிப்புகளும் மாலைநேரக் கல்லூரிகளும் இடமளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பகுதிநேரக் கல்விக்கும் சொந்த நேரத்தில் பயிலும் கல்விக்கும் முழுநேரக் கல்விக்கு உரிய அதே தகுநிலை வழங்கப்படும் என்று அறிவித்தது.

தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ஆம் ஆண்டிலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981ஆம் ஆண்டிலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. இவற்றுள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பங்கு தனித்து நோக்கத்தக்கது. ஒருமைத்தன்மை கொண்ட உறைவிடப் பல்கலைக்கழகம் என்பதால், அருகிலிருந்த நெய்வேலியின் கல்லூரிக் கல்வியோடு அதற்கு இணைவுத் தொடர்பு இருக்க இயலவில்லை. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அப்பல்கலைக்கழகத்தை நகரியத்தின் பணியாளர் தம் பணியை விடாமல் அணுகுவதற்குரிய வழியாக அஞ்சல்வழிக் கல்வியே அமைந்தது. அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் வந்தன. விடுமுறை நாள்களில் நேர்முக வகுப்புகள் நடந்தன. ஆண்டிறுதியில் தேர்வு மையத்தில் தேர்வு எழுதினர். வளாக வாழ்வையே அடிப்படையாகக் கொண்ட நிறுவனம், நாளடைவில் நாட்டின் பெரிய தொலைநிலைக் கல்வி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

முழுமைக்கு ஏற்பு, பகுதிக்கு மறுப்பு

1968ஆம் ஆண்டுக் கொள்கை அளித்த சமநிலை, முடிக்கப்பட்ட பட்டத்திற்கு உரியது. படித்துக்கொண்டிருப்பவரின் ஓராண்டுப் படிப்புக்கோ தேர்ச்சி பெற்ற ஐந்து பாடங்களுக்கோ அது எவ்வகை மதிப்பையும் வரையறுக்கவில்லை. இதற்கு அக்காலப் படிப்பமைப்பே முதற்காரணம். பட்டப்படிப்பு ஆண்டுத் தேர்வுகளால் பகுக்கப்பட்டிருந்தது. பாடத்தின் அளவைக் குறிக்கும் பொது அலகு இல்லை. அலகு இல்லாதபோது மாற்றத்திற்கும் இடமில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இரண்டாண்டுத் தேர்வுகளில் தேர்ச்சி பெற்ற ஒரு சுரங்கப் பணியாளர், ஏதேனும் ஒரு காரணத்தால் வேறு பல்கலைக்கழகத்திற்கு மாற நேர்ந்தால், அவர் பொதுவாக முதலாண்டில் சேர வேண்டியிருந்தது. அவர் எழுதிய தேர்வுகள் செல்லாதவை என்று எவரும் கூறவில்லை; ஆனால் அவற்றைக் கொண்டு செல்ல வழியில்லை. இரவுப் பணிக்கிடையே படித்த இரண்டாண்டு உழைப்பு, பட்டம் என்னும் எல்லையைத் தொடாத காரணத்தால் மதிப்பிழந்தது.

1985ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்நிலையில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. மாணவரின் 30 மணிநேர உழைப்பு ஒரு மதிப்பலகு என அது வரையறுத்தது. நெடுங்காலம் வழக்கிலிருந்த அதன் இளநிலைப் பட்டம் 96 மதிப்பலகுகளைக் கொண்டது. பிற நிறுவனங்களில் தேர்ச்சி பெற்ற பாடங்களைக் கட்டுப்பாடுகளுடன் ஏற்கும் ஏற்பாடும் அங்கு இருந்தது. ஆனால் தமிழகப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிப் படிப்புகள் நெடுங்காலம் ஆண்டுமுறையையே பின்பற்றியமையால், இவ்வலகு பொது நாணயமாக வழங்கவில்லை.

ஏற்பின் நெருக்கடிகள்

இக்குறைபாடு இயல்பான காலத்தில் வெளிப்படையாகத் தெரியவில்லை. ஏற்புக்குச் சிக்கல் நேர்ந்தபோதே அதன் கடுமை புலப்பட்டது. மூன்று நிகழ்வுகளை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. இளநிலைப் பட்டம் பெறாமல், திறந்தநிலை முறையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லுமா என்பது அவ்வழக்கின் மையம். பல்கலைக்கழக மானியக்குழுவின் 1985ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளுக்கு மாறான அப்பட்டத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசு வெளியிட்ட அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டம் என்னும் வரிசையில் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பெற்ற பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்க இயலாது என்றது. படிநிலை ஒழுங்கு காக்கப்பட வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. எனினும் அம்முதுநிலைப் படிப்பில் தேர்ச்சி பெற்ற பாடங்களை, முறையான இளநிலைப் பட்டம் ஒன்றை நோக்கிப் பகுதியளவேனும் கணக்கிடலாமா என்னும் இடைவழி ஆராயப்படவில்லை. விடை முழு ஏற்பாகவோ முழு மறுப்பாகவோ மட்டுமே இருக்க முடிந்தது.

இரண்டாவது, 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தீர்ப்பு. சேலத்திலுள்ள ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலை வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் அதில் ஆராயப்பட்டன. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், அவர்கள் தொழில்நுட்பக் கல்விக்குழு நடத்தும் தேர்வில் தேர்ச்சி பெற்றால் பட்டங்களை மீட்டுக்கொள்ள வழிவிட்டது. அதன்பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாதனவாயின. கற்றல் நிகழ்ந்ததா என்பதை முறையை வைத்தன்றித் தேர்வை வைத்து அறியலாம் என்னும் பழைய நெறி, ஒரு பகுதியினருக்கேனும் இங்கு மீண்டும் இடம் பெற்றது.

மூன்றாவது நெய்வேலிப் பகுதிக்கு மிக அண்மையானது. 2013ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தைத் தமிழக அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் தொலைநிலைக் கல்வியை நெறிப்படுத்தும் பொறுப்பு, தொலைநிலைக் கல்விக்குழுவிடமிருந்து மானியக்குழுவிற்கு மாறியது. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் மானியக்குழு வெளியிட்ட பொது அறிவிப்பு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கான ஏற்பு 2014–15ஆம் கல்வியாண்டு வரை மட்டுமே உரியது என்று தெரிவித்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தைப் படித்தவர்களுள், சேர்ந்த ஆண்டைப் பொறுத்து ஒருவரின் பட்டம் செல்லும், மற்றவரின் பட்டம் ஐயத்திற்குரியது என்னும் நிலை உருவானது. ஒழுங்குமுறை அமைப்புக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையிலான சிக்கலின் சுமையைச் சுமந்தவர் மாணவரே. மதிப்பலகு மாற்றம் நடைமுறையில் இருந்திருந்தால், ஏற்புடைய நிறுவனம் ஒன்று அம்மாணவரின் பாடங்களைத் தனித்தனியே மதிப்பிட்டு, எஞ்சியவற்றைத் தன்னிடம் படிக்கச் செய்து பட்டம் வழங்கியிருக்க இயலும்.

மறுப்போர் வாதங்களும் மதிப்பீடும்

மதிப்பலகு மாற்றத்தை ஏற்கத் தயங்குவோர் முன்வைக்கும் காரணங்கள் புறந்தள்ளத்தக்கன அல்ல. தேர்வு மையங்களில் கண்காணிப்புத் தளர்வு, வருவாயை நோக்கமாகக் கொண்ட படிப்பு மையங்கள், ஆய்வகப் பயிற்சியின்மை, பாடத்திட்ட வேறுபாடு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமே அதன் தரத்திற்குப் பொறுப்பு. பிறர் அளித்த மதிப்பலகுகளுக்கு அது எவ்வாறு பொறுப்பேற்கும் என்பதும் உரிய வினாவே.

ஆயினும் இவ்வாதங்கள் அனைத்தும் குறிப்பிட்ட பாடத்தையோ குறிப்பிட்ட நிறுவனத்தையோ ஆராய வேண்டும் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, அஞ்சல்வழிக் கல்வியை முழுமையாக விலக்குவதற்குச் சான்றாகா. ஆய்வகம் தேவைப்படும் வேதியியலுக்குரிய காரணத்தைக் கொண்டு வரலாற்றுப் பாடத்தை மறுக்க இயலாது. மேலும், முடிக்கப்பட்ட அஞ்சல்வழி இளநிலைப் பட்டத்தை ஏற்று முதுநிலையில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம், அதே பட்டத்தின் இரண்டாண்டுப் பாடங்களை மட்டும் தரமற்றவை என மறுப்பதில் முரண் உள்ளது. முழுமை தரமுடையதாயின் அதன் பகுதிகளும் தரமுடையனவே.

இணையவழிக் கல்வி இம்முரணை மேலும் வெளிப்படுத்துகிறது. ஸ்வயம் தளப் படிப்புகள் குறித்த 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அத்தளத்தின் வழியே பயின்று கல்லூரிப் படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். நேரடி வகுப்பு மாணவர் வீட்டிலிருந்து கற்கும் பாடம் ஏற்கப்படுமாயின், நகரியத்தின் குடியிருப்பில் அச்சிட்ட நூலைக் கொண்டு படித்துத் தேர்வு மையத்தில் தேர்வெழுதியவரின் பாடத்தை முறையின் பெயரால் மறுப்பது கடினம்.

அலகுகளின் அளவு வேறுபாடு மற்றொரு தடை. நேரடிக் கல்வியில் ஒரு மதிப்பலகு என்பது ஒரு பருவத்தில் ஏறத்தாழ 15 மணிநேர வகுப்பைக் குறித்தது. தொலைநிலைக் கல்வியில் அது 30 மணிநேரக் கற்றல் உழைப்பைக் குறித்தது. ஒன்று ஆசிரியரின் நேரத்தையும், மற்றது மாணவரின் நேரத்தையும் அளந்தன. 2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய மதிப்பலகுச் சட்டகம், எல்லா வகைக் கல்விக்கும் 30 மணிநேரக் கற்றலையே ஒரு மதிப்பலகாகவும், ஓராண்டிற்கு 40 மதிப்பலகுகளையும் வரையறுத்தது. இத்தடை கொள்கையளவில் நீங்கியது எனலாம்.

2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கல்விசார் மதிப்பலகு வங்கி, பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பலகுகளைப் பெற வேண்டும் என்றும், மதிப்பலகுகள் அதிகபட்சம் ஏழாண்டுகள் செல்லும் என்றும் வரையறுக்கிறது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு குறித்த ஐயத்திற்கு முதல் நிபந்தனை விடையளிக்கிறது. ஆனால் 2021–22ஆம் கல்வியாண்டு முதல் ஈட்டப்பட்ட மதிப்பலகுகளே இவ்வங்கியில் இடம்பெறும். முன் சுட்டிய இடைக்காலத்தில், அதாவது 2015ஆம் ஆண்டிற்கும் 2021ஆம் ஆண்டிற்கும் இடையில் படித்தவர்கள், பழைய ஏற்பிற்கும் புதிய வங்கிக்கும் வெளியே நிற்கின்றனர்.

இங்கு ஐரோப்பிய நாடுகள் 1997ஆம் ஆண்டில் இலிஸ்பனில் செய்துகொண்ட உடன்படிக்கை ஒப்புநோக்கத்தக்கது. முடிக்கப்பட்ட பட்டத்தை மட்டுமன்றிப் பகுதிப் படிப்புக் காலத்தையும் ஏற்க வேண்டும் என்பதும், மறுக்கும் நிறுவனமே கணிசமான வேறுபாடு உள்ளதெனக் காட்ட வேண்டும் என்பதும் அதன் நெறிகள். தமிழகத்தில் நடைமுறை இதற்கு எதிரானது. இணைத்தன்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவர் மீதே சுமத்தப்படுகிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, வகுப்பறை வருகையைக் கற்றலின் இன்றியமையாச் சான்றாகக் கொள்வது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான மரபன்று. 1904ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்திய நெறியே அது. இரண்டு, அஞ்சல்வழிக் கல்வி ஒரு குறைபட்ட மாற்று வழியாகத் தோன்றவில்லை. இடைவிடாது இயங்கும் தொழில் அமைப்பு உருவாக்கிய தேவைக்கு அரசின் கொள்கையே அளித்த விடையாக அது தோன்றியது. மூன்று, பட்டத்தை முழுமையாக மட்டும் ஏற்ற அமைப்பு, நெருக்கடி நேர்ந்தபோது மாணவரின் உழைப்பில் எப்பகுதியையும் காக்க இயலாததாயிற்று.

ஆகவே அஞ்சல்வழிப் படிப்பின் மதிப்பலகுகளைப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். ஆனால் பாடம் பாடமாக ஆராய்ந்தே ஏற்க வேண்டும். கண்காணிப்புடன் நடந்த தேர்வு, பாடத்திட்டப் பொருத்தம், ஆய்வகப் பாடங்களுக்குத் தனிப் பயிற்சி ஆகியவற்றை நிபந்தனைகளாக்கலாம். ஐயம் எழும் பாடங்களில் மறுப்புக்கு மாறாக அறைகூவல் தேர்வு ஒன்றை நடத்தலாம். 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்கு முன்மாதிரி. மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் அளிப்பது பல்கலைக்கழகத்தின் கடமையாக வேண்டும். இடைக்காலத்தில் படித்தவர்களுக்கு இவ்வழி ஒருமுறைச் சலுகையாகவேனும் திறக்கப்பட வேண்டும்.

2021ஆம் ஆண்டுச் சட்ட மாற்றத்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமாகியுள்ளது. நகரியத்தின் கல்லூரி மாணவரும், அதே பல்கலைக்கழகத்தில் முன்பு தொலைநிலையில் படித்த பணியாளரும் இன்று ஒரே அமைப்பின் கீழ் வருகின்றனர். பகுதிப் படிப்பை ஏற்பதற்கான முதல் முயற்சியைத் தொடங்க, வரலாற்று வழியிலும் நிர்வாக வழியிலும் இதனினும் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது.